வேலியோரம் வைத்த கஞ்சி

"படிச்ச திமிரு ஒனக்கு. சீக்காளியத் தொடச் சொன்னா மறுநாளே வீட்டுக்கு ஓடி வந்துருவ பாரு" என்றாள் அத்தை, நான் நர்ஸ் வேலைக்குக் கிளம்பியபோது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

இன்று கொடைக்கானல் ஆஸ்பத்திரியில், அம்மை கண்ட பெண்ணின் தனியறை வாசலில் வேப்பிலை வாடை அடித்ததும் நின்றுவிட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது பெருமாள்மலையில் குடியிருந்தோம். பூண்டுத் தோட்டத்துக் குடிசையில் தனியாக இருந்த மயிலாத்தாளுக்கு அம்மை போட்டிருந்தது; வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. எங்கள் சர்ச் சபையார் தினமும் அவள் வேலியோரம் கஞ்சிக் கலயத்தை வைத்து, அவளுக்குக் கேட்கும்படி உரக்க ஜெபம் செய்துவிட்டு, வேகமாகத் திரும்பிவிடுவார்கள். ஒருநாள் அம்மாவோடு நானும் போனேன். முந்தின நாள் கலயத்தை நாய் நக்கிக்கொண்டிருந்தது.

"எந்திரிக்க முடியாதவ வேலி வரைக்கும் எப்பிடி வருவா? ஊருக்குக் கேக்கத்தான் இம்புட்டு நாளும் கத்திருக்கோம்" என்றாள் அம்மா. "நீ இங்கனயே நில்லு, புள்ள."

கஞ்சியோடு குடிசைக்குள் போனாள். வெகுநேரம் சத்தமே இல்லை. அம்மாவும் செத்துப்போவாள் என்று பயந்து அலறினேன்.

"கத்தாத. ரெண்டு வாய் குடிச்சிருக்கா. வெரசா போயி வெந்நி கொண்டாந்து வாசல்ல வையி."

அம்மாவின் குரலும் நடுங்கியது. ஆனாலும் அவள் வெளியே வரவில்லை. அதன்பின் பல நாள், விழித்ததும் அவள் முகத்தில் கொப்புளம் தேடினேன். வரவில்லை.

தனியறைக்குள் அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள். அம்மைத் தடுப்பூசி போட்டிருந்தும் பயம் விடவில்லை. உள்ளே போய், அவள் தலையை மடியில் தாங்கி, தம்ளரை உதட்டில் வைத்தேன்.