சிவப்பு பல்பும் என் பின்னலும்

வலது கை தோளுக்கு மேலே ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த வருஷம் அது. குன்றத்தூரில் குடியிருந்தோம்; என் கணவருக்கு மறைமலை நகரில், இரும்புத் தகட்டை மிஷினில் அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தலை பின்ன முடியாததுதான் என்னை அழவைத்தது. ஒற்றைக் கையால் முடியைச் சுருட்டிச் செருகி, அந்த அலங்கோலம் தெரியாமல் முக்காடு போட்டுக்கொண்டு ஞாயிறு பூசையில் உட்கார்ந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா, வீட்டில் தினமும் சிவப்பு விளக்கு காட்டச் சொன்னார். இவர் உடனே பரணிலிருந்து கிறிஸ்துமஸ் ஸ்டாரை இறக்கி, அதிலிருந்த சிவப்பு பல்பைக் கழற்றி மாட்டினார். ஒரு வாரம் அதன் கீழே உட்கார்ந்தேன். தோள் சிவப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நிறத்தில் ஒன்றுமில்லை, சூடுதான் மருந்து, அதற்கென்றே இன்ஃப்ராரெட் பல்பு விற்கிறது, சாதா ஹோல்டர் உருகிவிடும், பீங்கான் ஹோல்டர் வாங்குங்கள் என்றார். ஒரு கை தூரம் தள்ளி உட்கார வேண்டும், கால் மணி நேரத்துக்கு மேல் கூடாது, கண்ணைத் துணியால் மூட வேண்டும், தோளில் தைலம் தடவவே கூடாது.

பிரஸ் ஷாப்பில் மிஷினைச் சுற்றி மஞ்சள் கோடு இருக்குமாம். எங்கள் வீட்டுத் தரையில் சாக்பீஸ் கோடு வந்தது. என் நாற்காலி அதைத் தாண்டினால் இவர் ஸ்விட்சையே போட மாட்டார். கம்பெனி பஸ்ஸை ஒரு நாளும் விட்டதில்லை என்கிற பெருமை வேறு. சூப்பர்வைசருக்கு வாழ்க்கைப்பட்ட மாதிரி இருந்தது எனக்கு.

ஒரு காலை தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். ஒற்றைக் கையால் எப்படித் துவட்டுவது? விளக்கடியில் உட்கார்ந்தபடியே முடியை உதறினேன். சூடான பல்பில் ஈரம் தெறித்ததும் அது பட்டென்று வெடித்தது. நல்லவேளை, சில்லெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கமே விழுந்தது. திட்டுவார் என்று நானும் வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"கண்ணுல பட்டிருந்தா இன்னாம்மே பண்ணுவேன் நானு?"

என்று என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

புது பல்போடு புதுச் சட்டமும் வந்தது: தலையைத் துவட்டிப் பின்னிய பிறகுதான் விளக்கு. பின்னுவதும் அவரே. முதல் நாள் பின்னல் தேங்காய் நார்க் கயிறுதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். உங்க வூட்டு ஆம்பளைங்க சீப்பையாவது தொட்டிருக்காங்களா என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தேன்.

பின்னல், விளக்கு, பிறகு சுவரில் விரல்களை மேலே ஏற்றும் பயிற்சி என்று மாதங்கள் ஓடின. ஒரு காலை, பின்னுவதற்கு முன், நினைப்பே இல்லாமல், தலைக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரில் தாளைக் கிழித்தேன். கிழித்த பிறகுதான் வலது கை எங்கே போயிருக்கிறது என்று பார்த்தேன். அந்தக் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்று அழுதேன். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"இனிமே நீயே பின்னிக்கலாம்மே," என்று சீப்பை நீட்டினார். சொன்னவர் வேலைக்குப் போகும் பையை எடுக்கப் போகாமல் அங்கேயே நின்றார்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. சீப்பை அவர் கையிலேயே திணித்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம் வலி கீது," என்றேன்.

அவர் நிதானமாக வகிடு எடுத்தார். அன்றைக்குக் கம்பெனி பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.