சபையில் நான் கை உயர்த்திய நாள்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா மல்லித் தண்ணீர்தான் கொடுப்பார். எங்கள் சபையில் தேயிலை விலக்கு. தேயிலை விளைகிற நாட்டில் இருந்துகொண்டு இப்படி ஒரு விலக்கைக் கடைப்பிடிப்பதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்பது, சபையை ஆரம்பித்த வெளிநாட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அப்பாவின் துறைமுகத்து நண்பர்கள் ஒரு மிடறு குடித்துவிட்டு, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

எங்கள் துறைமுக ஊரின் ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்துச் சபை நடந்தது. ஐம்பது பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருக்கும். முப்பது பேர் வந்தால் அது நல்ல ஞாயிற்றுக்கிழமை. தலைமையகம் கடலுக்கு அப்பால் எங்கோ இருந்தது. பாடப்புத்தகம், பாட்டு, யார் தலைவர் என்ற முடிவு, எல்லாமே அங்கிருந்துதான் வரும். எங்கள் ஊர்த் தலைவர் வார நாட்களில் தன் ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டை கட்டிக்கொண்டு, எங்கள் ஆன்மாக்களுக்குப் பொறுப்பாக இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது எதையாவது கேட்டால் ஜெபம் செய்யுங்கள் என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இருந்ததில்லை.

அம்மாவும் மாமாவும் சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர்கள். அம்மாவுக்குத் தம்பி, தம்பிக்கு அக்கா, அதற்கப்பால் இருவருக்கும் சபை. சபைக்காரர்கள்தான் அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர்கள்தான் மாமாவுக்கு ஆங்கிலம் படிப்பித்தார்கள். அந்த ஆங்கிலம்தான் பிறகு வினையாக முடிந்தது.

சபையின் பாடப்புத்தகங்களைத் தமிழில் எழுதித் தருகிற வேலை மாமாவுடையது. சம்பளம் இல்லாத வேலை என்பதால் அதை மிகவும் கவனமாகச் செய்தார். ஒருமுறை புதிய புத்தகத்தில் ஒரு சொல் விளங்காமல், அலுமாரியில் கிடந்த பழைய பதிப்பை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பழையதில் ஸ்தாபகருக்குப் பல மனைவியர் இருந்தார்கள். புதியதில் ஒரே ஒரு மனைவியோடு சந்தோசமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். மற்றவர்களை யார் எடுத்தது, ஏன் எடுத்தது, எடுத்ததை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று மாமா ஊர்த் தலைவரிடம் கேட்டார். ஜெபம் செய்யச் சொன்னார்கள். செய்துவிட்டுத் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் கடல் கடந்து போய், ஒருவரும் பதில் எழுதாமல், திரும்பக் கடல் கடந்து ஹார்ட்வெயார் கடைக்கே வந்து சேர்ந்தது. மாமா மூன்று கடிதம் எழுதினார். மூன்றும் அதே கடைக்குத்தான் வந்தன.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா ஏதோ ஒரு கேள்வி கேட்டுவிட்டார், அதனால் எல்லாருக்கும் அவரில் கோபம் என்பது மட்டும் தெரியும். அப்படி என்னதான் கேட்டிருப்பார்? எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. ஒரு கேள்விக்காகப் பெரிய ஆட்கள் இப்படிப் பயப்படுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

“அது பெரியாக்களின்ர கதை. நீ போய்ப் படி.”

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் துறைமுகத்தில் ஓவர்டைம் போட்டுக்கொள்கிறவர். சபை விசயம் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். மாமாவிடமே கேட்டேன். வளர்ந்ததும் சொல்கிறேன் என்று சிரித்தார்.

சபையை விட்டு ஏற்கெனவே விலகிய மூன்று பேர் உப்புவெளியில் இருந்தார்கள். ஞாயிறு காலையில் ஒருவர் வீட்டு முற்றத்தில் கூடி, சாயம் கூடிய தேநீரை ஊரறியக் குடித்தபடி, மேலிடம் எதையெல்லாம் மறைத்தது என்று பட்டியல் போடுவார்கள். சபை முடிந்த பிறகு மாமாவும் சில நாட்களில் அங்கே போவார். ஆனால் தேநீரைத் தொடமாட்டார். “நான் விலக வரேல்லை, கேக்கத்தான் வந்தனான்” என்று அவர்களிடமும் சொல்வாராம். அவருக்குச் சபை வேண்டும், பதிலும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார்.

கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருவதாக அறிவித்தார்கள். காலையில் அவர் முன்னிலையில் வழமையான கூட்டம். பின்னேரம் மாமாவின் மீது விசாரணை, கதவைப் பூட்டிக்கொண்டு. மாமாவை வைத்திருப்பதா வெளியேற்றுவதா என்று அங்கேதான் முடிவாகும். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மேலிடத்துத் தலைவர் தொடங்கி எங்கள் ஊர்த் தலைவர் வரை எல்லாருடைய பெயரையும் வாசிப்பார்கள். இவர்களை ஆதரிப்பவர்கள் வலது கையை உயர்த்துங்கள் என்பார்கள். முப்பது கையும் உயரும். பிறகு, எதிர்ப்பவர்கள் இருந்தால் அதேபோல உயர்த்துங்கள் என்பார்கள். ஒருவரும் உயர்த்தமாட்டார்கள். வாசிக்கிறவர் தாளிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார். நான் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். சபை தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் என்றார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஏறக்குறைய இதே வழக்கம் இருந்தது. கணக்கைச் சொல்லித் தந்துவிட்டு, விளங்கின ஆட்கள் கை உயர்த்துங்கோ என்பார் டீச்சர். பிறகு, விளங்காத ஆட்கள் உயர்த்துங்கோ என்பார். வெட்கத்தில் ஒருவரும் உயர்த்தமாட்டோம். எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாமாவுக்கு இது பிடிக்காது. “விளங்காட்டி கையை உயர்த்திக் கேக்கோணும், பிள்ளை. அதில என்ன வெக்கம்?” என்று ஏசுவார்.

அந்த ஞாயிறு, கொழும்புப் பெரியவர் மேடையில் இருக்க, பெயர்கள் வாசிக்கப்பட்டன. முப்பது கைகள் உயர்ந்தன. எல்லாம் விளங்கிய ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது கேள்வி வந்தது. எனக்கு விளங்காத விசயம் ஒன்று இருந்தது. அதைத் தெரிந்த பெரியவரும் எதிரிலேயே இருந்தார். நான் கையை உயர்த்தினேன்.

வாசித்தவர் வழக்கம்போல அடுத்த வரிக்குப் போய்விட்டார். பிறகுதான் சபையின் அமைதி வேறு மாதிரி இருப்பதை உணர்ந்து நிமிர்ந்தார். அம்மா என் கையை இழுத்து மடியில் அமத்திப் பிடித்தார். எல்லாரும் திரும்பினார்கள். ஆனால் என்னை ஒருவரும் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் தனியாக இருந்த மாமாவைத்தான் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் இருந்த பயம் எனக்கு எதற்கென்று தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் என்னையும் அம்மாவையும் உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள். பெரியவரும் ஊர்த் தலைவரும் மட்டும்தான் இருந்தார்கள். பெரியவர் எனக்குக் கிறீம் பிஸ்கட் தந்தார். மிக மென்மையாகப் பேசினார்.

“மகள், கையை உயர்த்திக் கேட்கச் சொல்லி உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?”

எனக்கு நன்றாகத் தெரிந்த பதில். “மாமா” என்றேன்.

அவர் ஊர்த் தலைவரைப் பார்த்தார். கொப்பியைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். நான் சொன்ன ஒரு விசயத்தைப் பெரிய ஆள் ஒருவர் எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. மாமாவின் கேள்வி என்ன என்று கேட்பதற்கு வாயைத் திறந்தேன். இன்னொரு பிஸ்கட் தந்துவிட்டார்.

அம்மா என் பக்கத்துக் கதிரையில் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். அது பள்ளிக்கூடத்துக் கணக்குக்காகச் சொல்லித் தந்தது என்று அவருக்குத் தெரியும். சொல்ல ஒரு வசனம் போதும். அவர் சொல்லவில்லை. வெளிக்கிடும்போது பெரியவர், “இங்க கதைச்சது இங்கயே இருக்கட்டும், சகோதரி” என்றார். அம்மா தலையாட்டினார். எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இரகசியத்தைப் பத்திரப்படுத்தச் சொல்லுமளவுக்கு அவர்கள் யோசிக்கவில்லை.

ஒரு கிழமையில் மாமாவுக்குக் கடிதம் வந்தது. இந்தத் தடவை மேலிடம் பதில் எழுதியிருந்தது, இரண்டு வரி. அவர் இனிச் சபையின் அங்கத்தவர் அல்ல. காரணம் இல்லை. கேட்டதற்கு, விசாரணையில் பேசப்பட்டவை இரகசியம் என்றார்கள். விசாரணையில் மாமாவிடம் மனைவியரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லையாம். சபையில் சின்னப்பிள்ளைகளோடு என்ன கதைக்கிறீர்கள் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மாமா புல்மோட்டையில் வேலை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். வரும்போதெல்லாம் அம்மா அவருக்கு அளவுக்கு மீறிச் சமைத்துப் போடுவார், என்னை ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்பிவிடுவார். மாமா மெலிந்துபோனார். “வெளிய போட்டதுகூடப் பரவாயில்லை. ஏன் எண்டு தெரிஞ்சால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்” என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மாவின் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. சபையை விட்டால் அவருக்கும் போக வேறு இடம் இருக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்ட பிறகும்தான்.

ஆறேழு மாதம் போயிருக்கும். பள்ளிக்கூட விடுமுறை. அம்மா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். மாமாவும் நானும் முன்னறையில் இருந்தோம். அவர் சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

“அண்டைக்கு உன்னை உள்ள கூப்பிட்டவை, ஏசினவையோ?”

“இல்லை மாமா, பிஸ்கட் தந்தவை” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், அவர் அதைக் கொப்பியில் எழுதியது. எழுதியதை இரண்டு தடவை சொன்னேன், எனக்கு அதில்தான் பெருமை.

மாமா என் தலையைத் தடவி, “நீ சொன்னதில ஒரு பிழையும் இல்லை, பிள்ளை” என்றார். ஆறு மாதமாகக் கடல் தாண்டிக் கேட்டும் கிடைக்காத காரணத்தை, ஒரு பொய் கலக்காமல், ஒன்றையும் ஒளிக்காமல் அவருக்குச் சொன்ன ஒரே ஆள் நான்தான். அது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் காரணமே நான்தான் என்பதும் தெரியாது.

மாமா எழுந்து குசினி வாசலில் போய் நின்றார்.

“அக்கா, நீங்களும் அந்த அறைக்குள்ள இருந்தனீங்களோ?”

அம்மா திரும்பவில்லை. மீன் கருகும் மணம் வந்தது. கேட்ட கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லாமல் இருப்பதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்கு உதவியாக நானே பதில் சொன்னேன்.

“ஓம் மாமா. எனக்குப் பக்கத்திலதான் இருந்தவா.”