பெயர் வளையம் இல்லாத லென்ஸ்

செங்கல்பட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். படிப்பு பத்தாவது வரைதான். ஆனால் அலுமினியத்தைக் கொடுத்தால் நூல் பிசகாமல் கடைந்து தருவேன். அந்தத் திமிரில்தான் பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸ் ஒன்றைப் பிரித்தேன்.

அதன் முன்கண்ணாடியைத் திருப்பிப் போட்டால், படத்தின் நடுப்பகுதி தெளிவாக இருக்கும். ஓரத்து வெளிச்சமெல்லாம் சுழி மாதிரி வளையும். ஆனால் திருப்பிய கண்ணாடி மேல் பழைய வளையம் உட்காரவில்லை. கம்பெனி பெயரும் நம்பரும் பொறித்த வளையம் அது. அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, நானே ஒன்று கடைந்து மாட்டினேன்.

ஒரு சனிக்கிழமை, இருட்டியதும் திருவிடந்தைக் கடற்கரைக்குப் போனேன். லென்ஸை என் டிஜிட்டல் கேமராவில் மாட்டி, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் கண் அரை நிமிடம் திறந்தே இருக்கும்படி வைத்தேன். அதற்குள் சின்ன விளக்கோடு ஓடினால், விளக்கு போன வழி படத்தில் கோடாக விழும். ஓடுகிற ஆள் படத்தில் தெரியமாட்டார். அதற்காகவே கறுப்புச் சட்டை, கறுப்பு பேண்ட் போட்டிருந்தேன்.

நாலாவது படம் எடுக்கும்போது என் முகத்தில் டார்ச் அடித்தது. இரண்டு மீனவர்கள். பெரியவருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும்.

"இன்னா சார், கடலுக்கு சிக்னல் குடுத்துகினு கீற?" என்றார் அவர்.

"போட்டோ எடுக்கறேண்ணே."

"ஒண்ணுமே இல்லாத எடத்துல இன்னாத்த போட்டோ? அது இன்னாத்துக்கு கறுப்புத் துணி?"

"நான் தெரியக்கூடாதுன்னுதாண்ணே."

சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழும் என்று எனக்கே உறைத்தது. கூட வந்தவர் சிரித்துவிட்டார். "திருடன்கூட இப்டி ஒத்துக்க மாட்டான்பா!"

அவசரமாக ஒரு படத்தைக் காட்டினேன். பெரியவர் குனிந்து பார்த்தார். "இதுல நீ எங்க கீற?"

"நான் இருக்க மாட்டேண்ணே."

வம்பு இன்னும் கூடிப்போனது. டார்ச் லென்ஸ் பக்கம் திரும்பியது. விரலால் அதன் வாயைச் சுற்றித் தடவினார். "பேர் எங்க? நம்பர் எங்க? படகு இன்ஜின்ல நம்பர சொரண்டி வெச்சா அது திருட்டு மாலு. இது இன்னா மாலு?"

"நான் கடைஞ்ச வளையம்ணே. பேர் போட்டது வூட்ல இருக்கு."

"அப்போ லென்ஸு எங்கிட்ட இருக்கட்டும். காலைல வளையத்த எட்தாந்து காட்டிட்டு எட்துகினு போ. இல்லியா, இப்பவே டேசனுக்கு வா."

ஸ்டேஷன் என்றதும் லென்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

வழியெல்லாம் ஒரே சந்தேகம். மீன் அறுக்கிற கத்தியால் நெம்பிப் பார்ப்பாரோ? காலையில் "எந்த லென்ஸு?" என்று கேட்டால்? அவருடைய வீடு எது என்றுகூட விசாரிக்கவில்லை. என்னைத் திருடன் என்றவரை நானும் மனதுக்குள் திருடனாக்கிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

விடிந்ததும் வளையத்தோடு அதே கரையில் போய் நின்றேன். அவர் படகில் இன்ஜினை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே துண்டில் சுற்றி லென்ஸ் இருந்தது.

நான் வளையத்தைக் காட்டியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் லென்ஸைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். வெயிலில் பிடித்துக் கீறல் தேடினேன். அவர் கையைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வண்டி சீட்டின் மேல் அந்தத் துண்டை விரித்தேன். என் வளையத்தைக் கழற்றி, கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்து, பெயர் வளையத்தை முடுக்கினேன். மரை பிடித்து, சுற்றிச் சுற்றி இறங்கி, கச்சிதமாக நின்றது. அவர் நம்பரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"செரி, ஒம்பொருள்தான்." கொஞ்சம் நிறுத்தி, "நா எதுனா உருவிட்டேன்னு பாத்தியா?" என்றார்.

"சேச்சே, இல்லண்ணே."

"நேத்து இருட்டுல நெசத்த சொன்ன. நம்பல. இப்போ பகல்லயே பொய் சொல்ற. போ போ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுக் கிளம்பினேன். ஆனாலும் ஈ.சி.ஆர் ரோட்டுக்கு வந்ததும் வண்டியை ஓரங்கட்டி லென்ஸை இன்னொரு முறை சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அப்படி மறுபடியும் பார்த்ததைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.