பாட்டைத் தப்பான இடத்தில் நிறுத்தியவள்

பாட்டு நோட்டு அடிக்கிறவளை யாரும் புகழ மாட்டார்கள். சுரங்களின் குறி சரியான இடத்தில் இருந்தால் பாடகரைப் புகழ்வார்கள், தப்பினால் நேரே அச்சுக் கடைக்கு வருவார்கள்.

மாத்தளை டவுனில் ஒரு அச்சுக் கடையில் கல்யாண கார்ட், மரண அறிவித்தலோடு பாட்டு நோட்டும் அடிக்கிறேன். மவுஸால் இழுத்து வைக்கிற சொஃப்ட்வெயர் இல்லை. சுரத்துக்கு ஒரு எழுத்து, அதன் பின்னால் குறிக்கு ஒரு அடையாளம் என்று வரி வரியாக டைப் பண்ண வேண்டும். கம்ப்யூட்டர் அதை நோட்டாக வரைந்து தரும். இதே வேலையில் கண் கெட்டுப்போன சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியும் இந்தப் பாடு.

என் முக்கிய வாடிக்கையாளர் ஸ்டெல்லா டீச்சர். தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். திருவிழாப் பூசைக்கு எப்போதும் டவுன் குழுதான் பாடும். இந்த முறை முதன்முதலாக டீச்சரின் ஆட்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நன்றாகப் பாடினால் டிசம்பரில் வரும் நத்தார் பூசையும் உங்களுக்குத்தான் என்று ஃபாதர் சொல்லியிருந்தார்.

அடைப்பைத் திறந்த இடம்

இரண்டு மூன்று சுரங்களை ஒரே அசையில் இழுத்துப் பாட வேண்டுமென்றால் அவற்றின் மேல் ஒரு வளைகோடு வரும். அதற்கு அடைப்புக்குறி அடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் போன எவரும் அடைப்பை முன்னால்தான் திறப்பார்கள், நானும் திறந்தேன். இந்தப் பாழாய்ப்போன சொஃப்ட்வெயருக்கு முதல் சுரத்தை எழுதிய பிறகுதான் திறக்க வேண்டுமாம்! வளைவு ஒரு சுரம் முன்னாலேயே தொடங்கிவிட்டது.

ஒத்திகையில் இழுத்த இழுப்பில் கடைசி அசைக்குச் சுரமே மிஞ்சவில்லை. குழுவில் அடிக்குரல் பாடுகிறவர் அந்தோனி அண்ணன். தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டுகிறவர். கடைக்கே வந்து தாளை மேசையில் போட்டார். "தங்கச்சி, ரத்தோட்ட ரோட்டுல கூட இப்பிடி ஒரு வளைவு நான் எடுத்ததில்ல."

கொஞ்சம் பாடிக் காட்டுங்க

திருத்திக் கொடுத்தேன். டீச்சருக்குச் சந்தோஷம். இந்த வரியை மட்டும் ஒருக்கா பாடிக் காட்டச் சொன்னார். எனக்குப் பாட்டு வராது. எந்தக் குறி எங்கே இருக்க வேண்டும் என்று தெரியும், அது எப்படிக் கேட்கும் என்று தெரியாது. ஃபோட்டோகொப்பி எடுக்க நின்றவர்கள் எல்லாம் என் வாயையே பார்த்தார்கள். முகம் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். டீச்சர் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை, சிரிக்கவுமில்லை. "அப்ப இவ்வளவு நாளும் கண்ணாலயா பாடிக்கிட்டு இருந்தீங்க?"

கை சும்மா இருக்கவில்லை

பாட்டின் நடுவில் ஒரு நிறுத்தம். அரைவட்டத்துக்குள் ஒரு புள்ளி; எந்தச் சுரத்தின் மேல் இருக்கிறதோ அதில் நின்று நீட்ட வேண்டும். அது மேல் வரிச் சொல்லொன்றை முட்டிக்கொண்டு நின்றது. டீச்சர் அதையும் பார்த்து, இதுவே போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? குறியை வலப்பக்கம் தள்ள ஒரு எண் அடித்தேன். பக்கம் என்ன லட்சணமாக வந்தது! குறி அடுத்த சுரத்தின் தலையில் போய் உட்கார்ந்ததை நான் கவனிக்கவே இல்லை. திருவிழாக் காலையில் புதுத் தாள்களை நானே எல்லார் கையிலும் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டேன்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கோயிலில் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தது. பாதிப் பேர் பழகிய சுரத்தில் நின்றார்கள், பாதிப் பேர் தாளைப் பார்த்து அடுத்ததில் போய் நின்றார்கள். யா அல்லாஹ், அந்தச் சத்தம்! டவுன் குழு இருந்த பக்கம் சிரிப்புக் கேட்டது. டீச்சர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கி, மறுபடி எடுத்துக் கொடுத்தார்.

பூசை முடிந்ததும் ஃபாதரிடம் சொல்ல ஓடினேன். டீச்சர் முந்திக்கொண்டார். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன், வாயே திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்பவும் கூசுகிறது. டீச்சர் சொன்னது இதுதான்: "அது என் பிழை ஃபாதர், நான்தான் அங்க மாத்திச் சொன்னேன்."

டீச்சர் மறுபடி வந்தார்

நத்தார் பூசை டவுன் குழுவுக்கே போய்விட்டது. இனி டீச்சர் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார் என்று நினைத்தேன். வந்தார், கையில் புதுப் பாட்டு. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கேட்க விடவில்லை. பாட்டை மேசையில் விரித்தார். "ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துக்கு ஃபாதர்கிட்ட கேட்டுப் பாக்கப் போறேன் தங்கச்சி. ஆனா இந்தத் தடவ அழகா இருக்கவே வேணாம்."

இப்போது என் தாள்களில் குறிகள் சொற்களோடு முட்டிக்கொண்டு அசிங்கமாகத்தான் நிற்கின்றன. பூசையில் பட்டதைவிட இந்த வெட்கம் எவ்வளவோ பரவாயில்லை.