பாரிவாக்கம் வரை, ஒரு பொய்க் கடிகாரத்தோடு

ஞாயிறு காலை 5.40. முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நானும் தம்பி ஆல்பர்ட்டும் நடக்கத் தொடங்கினோம். போக வேண்டிய இடம் பாரிவாக்கத்தில் உள்ள ஒரு சின்ன மாதா கெபி, குகை மாதிரிக் கட்டிய வழிபாட்டிடம். ஆவடி வழியாகச் சுமார் பதினொரு கிலோமீட்டர். என் பையில் இரண்டு பாட்டில் தண்ணீர், ஆறு மெழுகுவத்தி, அவனுடைய மாத்திரைகள்.

மூன்று மாதத்துக்கு முன் அவனுக்கு மாரடைப்பு வந்தது. வயது நாற்பத்தொன்று. அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, பிழைத்தால் நடந்தே வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்று நேர்ந்துகொண்டான். டாக்டரிடம் கேட்டோம். மெதுவாகப் போங்கள் என்றார். இரண்டு நிபந்தனை சொன்னார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டக் கூடாது. மூச்சு வாங்கினால் உடனே உட்கார வேண்டும். முதல் நிபந்தனைக்காக ஆல்பர்ட் 23,990 ரூபாய் கொடுத்து கையில் கட்டினால் துடிப்பைக் காட்டும் ஒரு ஸ்மார்ட் கடிகாரம் வாங்கினான். இரண்டாவது நிபந்தனையை மறந்துவிட்டான். அந்தக் கடிகாரம் மறக்கடித்தது என்று சொல்வதுதான் சரி.

6.10. விமானப்படை மதில் ஓரமாக நடந்தோம். தெருநாய்கள், பால் வண்டி, வேலைக்குப் போகும் சில சைக்கிள்கள். சாலை சமமாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நான் கேட்டேன், அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துச் சொன்னான்.

"எவ்ளோடா?"

"நூத்திப் பதினாலு."

"இப்போ?"

"நூத்திப் பதினாலுதான்க்கா. நீ இன்னா கிரிக்கெட் ஸ்கோரா கேக்குற?"

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகத் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு அளவுக்கருவி அரை மணி நேரம் ஒரே எண்ணைக் காட்டினால், பொருளை விட்டுவிட்டுக் கருவியைப் பார்ப்போம். எங்கள் வேலையின் முதல் பாடமே அது. அன்று காலை அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன், அவனுக்குத் தெரியாததா என்று நினைத்துவிட்டேன். கடிகாரத்தின் மேல் இருக்கிற கோபம் என் மேலேயும் எனக்கு இருக்கிறது.

6.50. ஆவடி ரயில் நிலையம். நான்கு கிலோமீட்டர் ஆகியிருந்தது. மறுபக்கம் போக நடைமேம்பாலம் ஏற வேண்டும். ஆல்பர்ட் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினான். பாதியில் ஒரு முறை நின்றான். மேலே வந்தபோது வாயால் மூச்சு விட்டான். மேலுதட்டில் வேர்வை. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"உக்காரு" என்றேன்.

"எதுக்குக்கா? தொண்ணூத்தி ரெண்டுதான் காட்டுது. ஏறும்போது இன்னும் கொறஞ்சிருக்கு, பாரு."

"மூச்சு வாங்குதேடா!"

"வாங்கட்டும். நம்பர் நார்மலாத்தான் கீது. டேட்டா பொய் சொல்லாதுக்கா."

பாலத்தின் மேல் கூடையோடு ஒரு கீரைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். அவர் கையில் கடிகாரமே இல்லை. அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

"இன்னா நைனா, மூஞ்சி வெளுத்துகீது? குந்து மொதல்ல."

அவர் சொன்னதும் உட்கார்ந்தான். அக்கா சொன்னால் உட்கார மாட்டான். கடிகாரம் இல்லாத இன்னொரு கையைப் பிடித்து இரண்டு விரலை வைத்தேன். என் போனில் முப்பது விநாடி ஓடவிட்டு எண்ணினேன். அறுபத்தெட்டு. நிமிடத்துக்கு 136. அவனுடைய இருபத்துநாலாயிரம் ரூபாய் அந்த நேரத்தில் 92 என்று காட்டிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆனதும் கடிகாரத்தில் எண் ஏறத் தொடங்கியது. 92, 105, 119, 126. என் விரலுக்குக் கீழே துடிப்பு அதற்குள் குறைய ஆரம்பித்திருந்தது. ஆல்பர்ட் பயந்துபோனான்.

"அக்கா, உக்காந்தா ஏறுதுக்கா! நடந்தப்ப கம்மியா இருந்துச்சு!"

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டான். நான் பிடிப்பதற்குள் பாலத்தின் மேல் பத்துப் பதினைந்து அடி நடந்தான். கடிகாரம் 126இலிருந்து இறங்கியது. "பாத்தியா? எறங்குது!" என்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். சாம்பல் முகத்தோடு அந்தச் சிரிப்பு. அவனை அப்படியே விட்டிருந்தால், இதயத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே பாரிவாக்கம் வரை நிற்காமல் நடந்திருப்பான்.

"இது இன்னா கூத்து? குந்துனா ஏறும், நடந்தா எறங்குமா? ஒன் நெஞ்சு இன்னா உல்டாவா ஓடுது?" என்றார் கீரைக்காரம்மா. நானும் அவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனை மறுபடி உட்கார வைத்தோம்.

7.05. டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். எடுத்த நர்ஸ் நெஞ்சு வலிக்கிறதா, இடது கையோ தாடையோ இழுக்கிறதா என்று கேட்டார். இல்லை. "அப்ப உக்கார வைங்க, துடிப்பு எறங்கட்டும். வலி வந்தா ஒடனே கூட்டிட்டு வாங்க. இன்னைக்கு நடை வேணாம். சாயங்காலம் எப்படியும் டாக்டர் பாக்கட்டும்" என்றார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

அந்தக் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினேன். பட்டை தளர்வாக இருந்தால் அதன் மேல் பழி போடுவது நியாயமில்லை. அதனால் ஒரு துளை கூடுதலாக இறுக்கினேன். பாலத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேகமாக நடந்தேன், காலடிகளை எண்ணிக்கொண்டே. ஒரு நிமிடத்துக்கு 118 அடி. கடிகாரத்தைப் பார்த்தேன். 118. நின்று விரலை வைத்து எண்ணினேன். என் துடிப்பு 96. தேர் பின்னால் போகிற மாதிரி மெதுவாக நடந்தேன். எண்ணும் மெதுவாக இறங்கியது.

அந்தச் சனியன் இதயத்தைப் பார்க்கவே இல்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சமதரையில் தம்பி நிமிடத்துக்கு 114 அடி வைத்தான், 114 காட்டியது. படியில் தடுமாறி 92 அடி வைத்தான், 92 காட்டியது. இதயம் அதிகமாக அடித்துக்கொண்ட நேரத்தில்தான் எண் மிகவும் குறைந்தது. கடிகாரத்தின் அடியில் ஒரு பச்சை விளக்கு மின்னி மின்னித் தோலுக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்க்கிறதாம். கை ஆடினால் அந்த ஆட்டத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. தம்பி உட்கார்ந்து கை ஓய்ந்ததும்தான் நிஜத் துடிப்பைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று இரண்டு கோடு காட்டித் தொலைத்தால் என்ன? அதற்கு மனசு வரவில்லை. தெரியாததை ஒரு எண்ணாக, அதுவும் பெரிய எழுத்தில் காட்டுகிறது.

"போன் கேலரில வாட்ச் பெட்டியோட படம் இருக்குக்கா" என்றான் ஆல்பர்ட், சின்னக் குரலில். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முன்பக்கம் மலை ஏறுகிற ஒரு ஆள், அவன் நெஞ்சில் சிவப்பாக ஒரு இதயம். பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில், இது மருத்துவக் கருவி அல்ல. இதயத்தைப் படமாகப் போட்டு விற்கத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரியை முன்பக்கம் போடத் தெரியாதா? எங்கள் தொழிற்சாலையில் தப்பாக அளக்கும் மைக்ரோமீட்டருக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி அலமாரியில் பூட்டிவிடுவோம். அதனால் வீணாகப் போவது ஒரு இரும்புத் துண்டு. இங்கே அளப்பது மனிதனை.

7.40. விரலில் 88. கீரைக்காரம்மாவிடம் இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கினேன், முப்பது ரூபாய். மெதுவாக மறுபக்கம் இறங்கி, ஆவடியில் பூந்தமல்லி பஸ் ஏறினோம். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட் இல்லை, தம்பிக்கு ஒன்பது ரூபாய். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது கரையில் நிறையப் பேர் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகக் கத்தலாம் போல இருந்தது.

"நேர்ச்சை பாதிலயே நின்னுடுச்சுக்கா" என்றான்.

"மாதா இன்னா காலடியா எண்ணிட்டு இருக்காங்க? அது ஒன் வாட்ச்சோட வேலை."

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஆல்பர்ட்டும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் முகத்துக்கு நிறம் வந்திருந்தது.

8.25. பாரிவாக்கம். கெபி நிறுத்தத்திலிருந்து ஐம்பது அடிதான். மூன்று பக்கமும் புது அடுக்குமாடிகள் எழும்பி நிற்கின்றன, நடுவில் நீலச் சுவரோடு அது மட்டும் பழையபடி. ஆறு மெழுகுவத்தியையும் ஏற்றினான். ஒன்று காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினான். அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தோம். என்னிடமிருந்து கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டான். 74 காட்டியது. நான் விரலை வைத்து எண்ணினேன். அதே 74. உட்கார்ந்திருக்கும்போது உண்மை பேசுகிறது! உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது எதற்கு?

சாயங்காலம் டாக்டர் ஈசிஜி எடுத்தார். பழைய மாதிரியே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். கடிகாரக் கதையைக் கேட்டுவிட்டு, "அதை யார் நம்பச் சொன்னது?" என்றார். "நூத்தி இருபதுன்னு நம்பர் சொன்னீங்களே டாக்டர், எதுல அளக்கறதுன்னு சொன்னீங்களா?" என்று கேட்டேன். நாற்காலியைத் தம்பி பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு ஆல்பர்ட்டின் விரலைப் பிடித்து, மணிக்கட்டில் எங்கே வைப்பது, எப்படி எண்ணுவது என்று அவரே காட்டிக்கொடுத்தார். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை வேலையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டு எடுத்துவந்து, கடிகாரத்தின் அடியில் அந்தப் பச்சை விளக்கின் மேலேயே ஒட்டினேன். இப்போது மணி மட்டும் காட்டுகிறது. அதைச் சரியாகக் காட்டுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மெழுகுவத்தி ஏற்றியாகிவிட்டது, மீதி ஏழு கிலோமீட்டர் அப்படியே பாக்கி. அதற்காகத் தினமும் காலையில் முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருக்கோடி வரை நடக்கிறான். விளக்குக் கம்பம் வந்ததும் நிற்கிறான். இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து, கண்ணைத் தாழ்த்தி, உதடு அசைய எண்ணுகிறான். எதிர்வீட்டு அம்மா என்னிடம், "மாரடைப்பு வந்தப்புறம் ஒன் தம்பி ரொம்ப பக்தியா மாறிட்டான், நடுரோட்டுலயே நின்னு ஜெபமாலை சொல்றான்" என்றார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன்.