முதல் பாட்டு வாதிக்கு

"யாரு மொதல்ல பேசப்போறது? சீக்கிரம் சொல்லுங்க, சாவி கொடுத்துட்டேன்" என்றார் நூருல் அமீன். விவாகரத்து மனுவை நகலெடுக்கச் சிதம்பரத்திலிருந்து வந்த கணவனும் மனைவியும் திருதிருவென்று விழித்தார்கள். ஜெராக்ஸ் கடையில் கிராமபோன் எதற்கு என்று யாருக்குத்தான் புரியும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில், கோர்ட்டுக்கு எதிரே அவர் கடை. பழைய சாமான் கடையில் வாங்கிய இசைத்தட்டு ஒன்றே ஒன்றுதான். பக்கத்துக்கு மூன்று பாட்டு, மூன்று நிமிடம், வெறும் பியானோ. வெள்ளைக்காரன் எவனோ ஒரு பாட்டையும் முடிக்காமல் அடுத்ததற்குத் தாவிவிடுவான். என்ன பாட்டென்று அமீனுக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? முதல் பாட்டு ஓடும்வரை வாதி பேசலாம். இரண்டாவது பிரதிவாதிக்கு. மூன்றாவதில் பியானோ ஒரே ஓட்டமாய் ஓடும். இருவரும் சேர்ந்தே கத்திக்கொள்ளலாம். "திருப்பிப் போட்டா அப்பீலு மச்சான். அதுக்கு மேலன்னா எதிர்லயே கோர்ட்டு இருக்கு, போய்க்குங்க."

சிதம்பரத்துக்காரர் தன் பாட்டில் பாதியை "அது வந்து... அது வந்து" என்றே தீர்த்துவிட்டார். மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நகல் எடுக்காமலே இருவரும் பஸ் ஏறப் போனார்கள். வாரத்துக்கு நாலு பேர் இப்படித் திரும்புகிறார்களாம். பிழைக்கத் தெரியாத மனுஷன்! கேட்டால், "ரேஷன் கார்டு நகலு எடுக்க ஆளா இல்ல?" என்கிறார்.

நகலெடுக்க நான் கொண்டுபோன பட்டாவை அவர் மிஷினில் வைக்கும்போது, மதியச் சாப்பாட்டோடு மனைவி சைனம்பு வந்தார். கேரியரை மேஜைமேல் வைத்துவிட்டு வாதியின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்கும் தட்டு போடுங்க."

அமீன் சிரித்துக்கொண்டே முள்ளை வைத்தார்.

"ஷாசியாவுக்கு அடுத்த மாசம் பிரசவம். குவைத்துல நம்ம பொண்ணு தனியா கெடக்குது. என் பாஸ்போர்ட்ட புதுப்பிக்கணும்னு நோம்புலேருந்து சொல்றேன். ஊரு சனத்துக்கெல்லாம் காது கொடுக்குறீங்க, எங்கிட்ட மட்டும் 'ம்'னுட்டு தூங்கிப்போறீங்க. அல்லாவே, நான் போறதுக்குள்ள அது பெத்துட்டா..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. பியானோக்காரன் அடுத்த பாட்டுக்குத் தாவினான்.

இனி அமீனின் முறை. கடை, அலைச்சல், சர்வர் கோளாறு என்று ஏதாவது சாக்கு வரும் என்று பார்த்தேன். அவரோ முள்ளைத் தூக்கி மறுபடியும் முதல் பாட்டில் வைத்துவிட்டு, சைனம்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.