தம்பியின் பெட்டிக்கு முன்னால் சிரித்தவள்

மல்லேஸ்வரத்தில் பல் டாக்டர் சேஷகிரியிடம் உதவியாளராக இருந்த ஜோசஃபின், காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரார் பல்லையெல்லாம் பார்ப்பாள். தன் பல்லை மட்டும் யாருக்கும் காட்டமாட்டாள். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் டாக்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரிப்பார். இவள் பஞ்சு எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வாள். உம்மணாமூஞ்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? சின்ன வயதில் சிவாஜிநகரில் பூசை நேரத்தில் சிரித்து, தம்பியோடு சேர்த்து மாதா கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் அவள்.

தம்பி பெயர் சில்வெஸ்டர். அவன் முகத்தைப் பார்த்தாலே போதும், இவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். எதற்குச் சிரித்தோம் என்பதைப் பிறகு யோசித்துக்கொள்வார்கள்.

தொண்ணூற்று மூன்றில் அவன் விபத்தில் செத்துப்போனான். அவன் மனைவி லவினா சொல்லும் கண்ணீரும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதனால் சவப்பெட்டி, பூ, பாதர், பேண்டு என்று எல்லா ஏற்பாடும் அக்கா தலையில் விழுந்தது. கன்டோன்மென்ட் பக்கம் பேண்டு இல்லாமல் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. இரண்டுக்கும் வாசிப்பது அதே ஆட்கள்தான். அன்று அவர்கள் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு நேரே வந்து இறங்கினார்கள். டிரம்மில் கட்டியிருந்த ரோஜா நிற ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை. வாசலில் நிற்பவர் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டினால் வாசிக்கத் தொடங்கவேண்டும் என்பது வழக்கம். கல்யாணத்தில் மணப்பெண் வாசல் தாண்டும்போது காட்டுவார்கள், சாவில் பெட்டி தாண்டும்போது.

பெட்டி வாசலுக்கு வந்தது. ஜோசஃபின் கைக்குட்டையைத் தூக்கினாள். டிரம்பெட்காரர் பழக்கதோஷத்தில் மணப்பெண்ணை அழைத்துவரும் துள்ளல் மெட்டை எடுத்துவிட்டார், மற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். சில்வெஸ்டர் புதுப்பெண் மாதிரி ஆடி அசைந்து வெளியே வந்தான்.

இதைப் பார்த்தால் முதலில் யார் சிரிப்பார்கள்? அவன்தான். அந்த நினைப்பு வந்ததுதான் தாமதம், அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. பெட்டிக்குப் பின்னால் வந்த லவினா அவளை ஒரு கணம் பார்த்தாள். உடனே முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். இரண்டு பெண்கள் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு லவினா நாத்தனார் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சந்தாபுராவிலிருந்த தாய்வீட்டுக்கே போய்விட்டாள். ஜோசஃபின் பாவசங்கீர்த்தனத்தில் அழுதாள், பாதர் மன்னித்தார். அவளால்தான் தன்னை மன்னிக்க முடியவில்லை. கூடப்பிறந்தவன் பெட்டிக்கு முன்னால் சிரித்தவள் எந்த முகத்தோடு சந்தாபுரா பஸ் ஏறுவாள்?

வருஷங்கள் போயின. அவளுக்கு ரத்த அழுத்தம் எகிறியது. பார்க்கில் அப்போது சிரிப்பு சங்கம் தொடங்கியிருந்த நேரம். மாத்திரையை விடக்கூடாது, அதோடு இதுவும் இருக்கட்டும் என்று டாக்டர் ஒருநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். பென்ஷன்காரர்களெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு ஹோ ஹோ, ஹா ஹா என்று வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜோசஃபின் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

“ஸ்வல்ப சிரிங்கம்மா, யாரும் அபராதம் போடமாட்டாங்க” என்றார் டாக்டர்.

அப்போதுதான் அவள் அந்தக் கதையைச் சொன்னாள். இத்தனை நாளில் முதல்முறையாகச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை.

“சந்தோஷத்துக்கு மட்டும்தான் சிரிப்பு வரும்னு யார் சொன்னது? துக்கம் தாங்கலேன்னாலும் உடம்பு சிரிச்சுடும். அழுகையும் சிரிப்பும் பக்கத்துப் பக்கத்து வீடு. அதுவும் இது ஒட்டுவாரொட்டி. பக்கத்துல ஒருத்தர் சிரிச்சா நம்ம முகம் நம்மளக் கேக்காமலே அசையும். உங்க தப்பு இல்லம்மா அது.”

இதை லவினாவிடம் சொல்லிவிட்டால் போதும், அவள் மன்னித்துவிடுவாள் என்று ஜோசஃபின் நம்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே சந்தாபுராவுக்குப் போனாள். லவினா கதவைத் திறந்தாள். முன்தலை நரைத்திருந்தது. ஜோசஃபின் வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள்: துக்கம், உடம்பு, டாக்டர், தன் தப்பு இல்லை என்பது.

லவினா கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“நான் அன்னிக்கு அழுதேன்னு நெனச்சியாக்கா?”

“பின்ன?”

“சிரிச்சேன். உன்னப் பாத்ததும் எனக்கும் வந்துடுச்சு. புருஷன் பெட்டிக்குப் பின்னால சிரிச்சவ நானு. எல்லாம் அழுறேன்னு புடிச்சிக்கினாங்க. உனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். உன் மூஞ்சியப் பாத்தா மறுபடி வந்துடுமோன்னு பயம், அதான் தலைய நிமிந்து பாக்கல. நீயும் வரல. நான் சிரிச்சதுக்குத்தான் நீ என்ன வெறுத்துட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

ஜோசஃபின் அவள் தோளுக்கு மேலே பார்த்தாள். உள்ளே சுவரில் சில்வெஸ்டர் மாலைக்கு நடுவே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“நீ பெரியவ. ஒரு தடவ வந்து கதவத் தட்டியிருக்கலாமில்ல?” என்றாள் லவினா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னதெல்லாம் ஜோசஃபினுக்கு அப்படியே நினைவிருந்தது, ஆனால் இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. அன்று சிரித்தது உடம்புதான். இத்தனை வருஷம் வராமல் இருந்தது உடம்பு இல்லை, அவள்.